இடக்கை சொன்ன விடை

சங்கீதக் கேள்வி வந்தால் இளம்பரிதி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். கல்லூரி நாளிலிருந்தே அப்படித்தான். ராகம், தாளம் எல்லாம் அவன் காதுக்கு ஒரே இரைச்சல். சரித்திரம், பூகோளம், அறிவியல் என்று எதைக் கேட்டாலும் நிமிர்ந்து உட்காருகிறவன், ஒலிபெருக்கியில் வீணைச் சத்தம் கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளுவான். அந்தக் கேள்விகளை அவன் மனைவி மதிவதனி பார்த்துக்கொள்வாள். ‘பக்கத்து வீடு’ என்ற பெயரில் இருவரும் சேர்ந்து ஆடும் அணிக்குத் திருச்சி வினாடி வினா வட்டாரத்தில் நல்ல பெயர். பரிதியின் சங்கீத ஞானமும் அந்த வட்டாரத்துக்குத் தெரிந்த வேடிக்கைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தில்லை நகர் மன்றத்தில், போட்டி நடத்தும் சேவியர் ஒரு புல்லாங்குழல் துண்டை ஒலிக்கவிட்டார். என்ன ராகம் என்பது கேள்வி. வதனி கண்ணை மூடிக் கேட்டாள். ஹிந்தோளம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. அவள் இரண்டாம் முறை மனதுக்குள் பாடிப் பார்ப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“சுத்த தன்யாசி.”

பரிதி தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“சரியான விடை!” சேவியர் கைதட்டினார். “யோவ் பரிதி, இதெல்லாம் எப்பய்யா கத்துக்கிட்டே?”

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. ஆபரேஷன் முடிந்து எழுந்து வந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன்மேல் கூடுதல் பிரியம். வதனியும் கைதட்டினாள். ஆனால் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், குளியலறையில் பரிதி சுருண்டு விழுந்தான். மூளையின் இடப்பக்கம் ஒரு நாளம் வெடித்து ரத்தம் கட்டிவிட்டது. உயிர் பிழைத்தான், பேச்சு போய்விட்டது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் திணறி, அதுவும் வராமல் அழுதான். அப்போதுதான் டாக்டர் ஹசீனா ‘சேது’வைப் பற்றிச் சொன்னார். கட்டைவிரல் நகம் அளவுள்ள சில்லு. அறுந்துபோன நரம்புப் பாதைகளுக்கு நடுவில் பாலமாக வேலை செய்யும். மொழியும் பொது அறிவும் அதற்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும், நோயாளி மறந்த சொல்லை எடுத்துக் கொடுக்க வசதியாக. பொருத்திய மூன்றாம் வாரம் பரிதி முழு வாக்கியம் பேசினான். வதனி அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

போட்டியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு போட்டபடியே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அந்த ராகம் எப்படித் தெரிஞ்சுது உனக்கு?”

“அதென்ன கேள்வி? சின்ன வயசுலேர்ந்து கேட்டதுதானே.”

“எங்க கேட்டே?”

“அம்மா பாடுவாங்களே.” பரிதி ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தான். “அடுப்படியில நின்னுக்கிட்டு, தாளிக்கிறப்ப பாடுவாங்க. கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவுல அவங்க குரல் கேக்கும். நான் வாசப்படியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சில நாள் பாதியில நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டு, அடுத்த வரி என்னடான்னு கேப்பாங்க.”

சொல்லும்போது அவன் கண் கலங்கியது. வதனியின் கையிலிருந்த கரண்டி குழம்புப் பாத்திரத்துக்குள் நழுவி விழுந்தது.

பரிதியின் அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அத்தை இறந்துபோகும்வரை, பதினோரு வருடம் வதனி அந்த அம்மாளோடு ஒரே வீட்டில் இருந்தவள். அந்தக் குரல்வளையிலிருந்து பாட்டு வேண்டாம், ஒரு பெயர்கூட வந்ததில்லை.

“பரிதி,” என்றாள் மெதுவாக. “அத்தைக்குப் பேச்சு வராது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் குழப்பம் இல்லை. குழந்தையிடம் பேசுகிற கனிவு இருந்தது.

“கடைசி காலத்துல வராம போச்சு. அதைச் சொல்றியா? பாவம்.”

சொல்லிவிட்டு மோர் கேட்டான்.

மறுநாள் வதனி கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டாக்டர் ஹசீனாவைப் பார்க்கப் போனாள். வேதியியல் பாடம் நடத்துகிறவள். எதையும் வரிசையாகச் சொல்லத் தெரியும். அன்றைக்கு மட்டும் வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று இடறின.

“அவர் பொய் சொல்றார் டாக்டர். ஆனா அவருக்கு அது பொய்னு தெரியல.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “சேது பாலம் போடும்னு சொன்னேன் இல்லையாம்மா? பாலத்துக்கு ரெண்டு பக்கமும் கரை வேணும். சில இடத்துல ரத்தம் கரையையே அடிச்சுட்டுப் போயிடும். அங்க சேது சும்மா நிக்காது. இந்த ஊர்ல, இந்த மாதிரிக் குடும்பத்துல பொறந்த ஒருத்தருக்கு அந்த இடத்துல என்ன இருந்திருக்கும்னு கணக்குப் போட்டு, அதை வெச்சுடும்.”

“அடுப்படியில பாடுற அம்மா.”

“ஆமா. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அம்மா பாடின ஞாபகம் இருக்கும். அதனால இவருக்கும் அதைக் குடுத்துடுச்சு.”

“கடுகு வெடிச்ச சத்தம்கூடச் சொன்னார் டாக்டர். அழுதார்.”

டாக்டர் திரையைத் திருப்பினார். பரிதியின் மூளை தெரிந்தது. அவனுடைய சொந்த நரம்புகள் வேலை செய்யும் இடம் நீலமாகவும், சேது வேலை செய்யும் இடம் ஆரஞ்சாகவும் இருந்தது. பொருத்திய புதிதில் எடுத்த படத்தில் ஆரஞ்சு ஒரு சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது. போன வாரப் படத்தில் இடப்பக்கம் முழுக்கப் படர்ந்துவிட்டது.

“இது ஏன் பரவுது?”

“வேலை குடுத்தாப் பரவும். ஒரு கேள்வி வந்தா அவரோட மூளையும் தேடும், சேதுவும் தேடும். சேது முந்திக்கும். முந்திக்கிறவன்கிட்டதான் மூளை அடுத்த தடவையும் போகும். போகப் போக சொந்தப் பாதை புல்லு முளைச்சுக் கெடந்துடும்.” அவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். “இவருக்கு இவ்வளவு சீக்கிரம் பரவினதுதான் எனக்குப் புரியல. வீட்ல என்ன பயிற்சி குடுக்கறீங்க?”

வதனி திரையிலிருந்த ஆரஞ்சைப் பார்த்தாள்.

பயிற்சி என்று அவள் வைத்திருந்தது வினாடி வினாதான். பல் தேய்க்கும்போது நாடுகளின் தலைநகரங்கள். இட்லிக்கு நடுவில் தனிமங்கள். மாலை நடையில் சோழர், பல்லவர், கோள்கள், கோயில் ஓவியங்கள், பழைய சினிமா, கிரிக்கெட். முதலில் அவன் யோசித்து, நெற்றியைச் சுருக்கி, பாதிப் பாதியாகச் சொல்வான். அவள் அவசரப்படுத்துவாள். “சீக்கிரம் பரிதி, மணி அடிக்கப் போறாங்க!” நாளாக ஆக விடைகள் சட்சட்டென்று வந்தன. அவள் ஒவ்வொரு விடைக்கும் கைதட்டினாள். பழைய பரிதி திரும்பி வருகிறான் என்று நினைத்துக்கொண்டு, வேறொருவனுக்கு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

“நிறுத்திடறேன் டாக்டர்,” என்றாள். “இதைக் குறைக்க முடியாதா?”

“முடியும். ஆனா பேச்சு போயிடலாம், நினைவு தடுமாறலாம். என்ன மிஞ்சும்னு யாராலயும் சொல்ல முடியாது. அவர் சம்மதம் இல்லாம நான் தொடவும் முடியாது.”

அன்றிலிருந்து வீட்டில் கேள்விகள் நின்றன. ஆனால் அவள் கேட்காவிட்டாலும் பரிதி சொன்னான். ஜன்னலில் வெயில் அடித்தால், சூரிய ஒளியில் முதலில் அடையாளம் கண்டு அதற்கப்புறம் பூமியில் கண்டெடுத்த வாயுவைப் பற்றிச் சொன்னான். சமையலறைக்கு வந்து மிளகாய் எந்தக் கண்டத்திலிருந்து வந்தது என்றான். பேசாமல் இருக்க அவனால் முடியவில்லை. வதனி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே நின்றாள், அந்தக் குரல் காதில் விழாமல் இருக்க.

ஒரு நாள் பிற்பகலில் துணிந்து, தங்கள் கல்யாண வீடியோவை அவன் முன்னால் போட்டாள். மேடையில் அத்தை இருவர் தலையிலும் கை வைக்கிறாள். பின்னர் விரல்களை விரித்து, மடக்கி, மார்பில் தொட்டு, சைகையாலேயே வாழ்த்துகிறாள். அத்தையின் சைகை பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல. அந்த வீட்டுக்குள்ளேயே உண்டாகி, அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மட்டும் புரிந்த பேச்சு. இடக்கைப் பழக்கமுள்ள பரிதியைப் பள்ளியில் அடித்து வலக்கைக்கு மாற்றினார்கள்; அம்மாவோடு பேச மட்டும் கடைசிவரை இடக்கைதான். வதனி பின்னால் வந்து அதைக் கற்றுக்கொண்டாள். போட்டிகளில் பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கேட்காமல் விடையைச் சொல்லிக்கொள்ள இருவரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பரிதி சைகை செய்யவில்லை, காதில் கிசுகிசுத்தான். அசதி என்று அவள் விட்டுவிட்டாள்.

வீடியோவில் மேளம் நின்றது. மேடையில் அத்தை அவசர அவசரமாகக் கையால் பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா என்ன சொல்றாங்க பரிதி?”

அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். ஏதோ ஒன்று அவன் முகத்தில் தடுமாறுவதுபோல இருந்தது. பிறகு அவன் முகம் தெளிந்தது.

“அன்னிக்கு அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு,” என்றான். “அதான் கையால சொல்றாங்க. முத நாள் ராத்திரி பூரா பாடினாங்க இல்ல?”

வதனிக்கு எழுந்து போய்விட வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அவள் அவன் இடக்கையைப் பார்த்தாள்.

சோபாவுக்கும் அவன் தொடைக்கும் நடுவில் ஒளிந்ததுபோல அந்தக் கை கிடந்தது. முஷ்டியாக மடங்கி, விலாவில் இரண்டு முறை தட்டியது. நின்றது. மறுபடி இரண்டு முறை. அத்தை இடிச்சத்தத்தின் அதிர்வு தரையில் தெரிந்தால் செய்கிற சைகை அது. பயமா இருக்கு.

வாய் மிளகாய்ப் பயிர் வந்த கதையை மறுபடி தொடங்கியிருந்தது. வதனி அவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே, தன் கையைத் தாழ்த்தி, அந்த இடக்கைக்கு மட்டும் தெரியும்படி விரலை அசைத்தாள். யாரு?

கை அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல உயர்ந்து அவன் காதுமடலைப் பிடித்து இழுத்தது. பெரிய காது உள்ள பிள்ளை என்று அத்தை அவனுக்கு வைத்த பெயர். அவனுடைய பெயர்.

“கொசு,” என்று சொல்லிக் காதைத் தேய்த்துக்கொண்டது வாய்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் வதனிக்கு நரகம். ஒரே உடம்பில் ஒருவன் சிரித்துப் பேசினான். இன்னொருவன் விலாவில் தட்டினான். அவள் சோறு பரிமாறினாள், பதில் சொன்னாள், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் மேசைக்கடியில் சைகை செய்தாள். நான் இருக்கேன். பயப்படாதே. கை அவள் விரலைப் பற்றிக்கொள்ளும், கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பற்றுவதுபோல. அம்மா எங்கே என்று கேட்கும். இருட்டு என்று சொல்லும். அவளுக்கு அழுகையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஆனாலும், என் பரிதி உள்ளே இருக்கிறான், என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைக்கும்போது நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது.

ஒரு காலையில் பரிதி இடக்கையை மேசைமேல் வைத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“இது தானா ஆடுது வதி. சேது கம்பெனிக்காரங்க கிட்டப் பேசினேன். நரம்புல சின்னதா ஒரு வேலை, கை அடங்கிடும்னாங்க. சரின்னு சொல்லிட்டேன். வர்ற வியாழக்கிழமை.”

“எதுக்குப் பரிதி? ஆடினா ஆடிட்டுப் போகுது.”

“போட்டியில மேடையில பாக்க நல்லாவா இருக்கும்? மாநில அளவு ஃபைனல் வருது.”

அவள் அன்றைக்கே டாக்டரிடம் ஓடினாள். ஹசீனா பொறுமையாகக் கேட்டார். நம்ப ஆசைப்பட்டார் என்பதும் தெரிந்தது.

“மூளையோட வலப்பக்கம் சேது இல்ல. இடக்கையை ஆட்டுறது அந்தப் பக்கம்தான். நீங்க சொல்றது நடக்கக்கூடியதுதான்.” மேசையில் பேனாவை உருட்டினார். “ஆனா அந்தச் சைகை உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். ஆசையில, நடுங்குற கையில நீங்களே அர்த்தத்தை நிரப்பிக்கலன்னு எப்படிச் சொல்றது? எங்க மருத்துவக் குழு அதைத்தான் கேக்கும்.”

அந்தக் கேள்வி வதனியை உலுக்கிவிட்டது. உண்மையில் அவளே பாதி நேரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று நினைவு வந்தது.

“இன்னொருத்தங்களுக்குத் தெரியும் டாக்டர். அவரோட அக்காவுக்கு.”

அருள்மொழி புதுக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறாள். ஃபோனில் விஷயத்தைக் கேட்டதும், “நாளைக்கே வரேன் வதனி. என் தம்பி கையை நான் படிக்கிறேன்,” என்றாள். டாக்டர் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். அக்கா தம்பி இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அக்கா சைகையில் கேட்க வேண்டும். விடையை முன்கூட்டியே டாக்டர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். வதனிக்குத் தெரியக் கூடாது. வாய் தவறாகவும் கை சரியாகவும் சொன்னால், சேதுவைக் குறைக்க அந்தக் கையின் சம்மதத்தை மருத்துவக் குழு ஏற்கும்.

புதன்கிழமை காலை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பரிதி சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டான்.

“என்னைக் குறைக்கப் போறீங்க, இல்லையா?”

வதனி திடுக்கிட்டு நின்றாள். அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத்தான் எல்லாம் ஊகிக்கத் தெரியுமே.

“சும்மா பரிசோதனைதான்.”

“வதி, இங்க பாரு.” அவன் குரல் முதல்முறையாக இறங்கியது. “நான் பொய்யுன்னு நெனைக்கிறே. சில எடத்துல தப்பா சொல்றேன் போல, எனக்கே அது தெரியல. ஆனா நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை பெஞ்சுது. மண்டபத்து வாசல்ல உன் செருப்பு தண்ணியில அடிச்சுட்டுப் போச்சு. நீ என் செருப்பைப் போட்டுக்கிட்டு, தத்தித் தத்தி காருக்கு நடந்தே. நான் வெறுங்காலோட வந்தேன். அது இருக்கு எங்கிட்ட. என்னை அணைச்சுடாதே.”

அது நடந்ததுதான். ஆனால் கல்யாணத்தில் மழையும் செருப்புத் தொலைவதும் எத்தனை வீட்டில் நடக்காதது? இதுவும் கணக்குப் போட்டு வைத்ததாக இருக்கலாம். கடுகு வெடித்த கதையைச் சொன்ன அதே வாய்தானே. உண்மையும் பொய்யும் அதில் ஒரே குரலில்தான் வந்தன. அவள் கார் சாவியை எடுத்தாள்.

சோதனை அறையில் பரிதியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதலில் அருள்மொழி வாய்விட்டுக் கேட்டாள்.

“தம்பி, நாம சின்ன வயசுல அப்பாவுக்குத் தெரியாம ஒரு ஆமை வளர்த்தோமே. எங்கடா ஒளிச்சு வெச்சோம்?”

“கிணத்துலக்கா,” என்றான் உடனே. “வாளியில விட்டு இறக்கினோம். மறுநாள் காணோம்னு நீ அழுதே.”

அருள்மொழி டாக்டரைப் பார்த்து, இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

“இப்ப வாயைப் பேச்சுல ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கணும்,” என்றார் டாக்டர் வதனியிடம். “சேது மும்முரமா இருக்கிறப்பதான் கை லேசாகும். நீங்க கேள்வி கேளுங்க. நிறுத்தாம.”

வதனி அவன் வலப்பக்கம் உட்கார்ந்தாள். அதே கேள்வியைச் சைகையில் கேட்க அருள்மொழி இடப்பக்கம் தரையில் மண்டியிட்டாள். அவன் உடம்பு மறைத்ததால் வதனிக்கு அந்தக் கை தெரியவில்லை. எத்தனையோ மேடையில் கேட்டுப் பழகிய கேள்விகள். இன்றைக்கு ஒவ்வொன்றும் ஈயக் குண்டுபோலக் கனத்தது.

“தரங்கம்பாடியில கோட்டை கட்டினவங்க?”

“டேனிஷ்காரங்க.”

“மூணு இதயம், நீல ரத்தம்?”

“ஆக்டோபஸ்.”

“டென்னிஸ்ல பூஜ்யத்துக்கு என்ன பேரு?”

“லவ்.”

“சினிமாவுல நொடிக்கு எத்தனை ஃபிரேம்?”

“இருபத்திநாலு. வதி, போதும்.”

“தாமரைக் குளம் வரைஞ்ச சமணக் குகை, புதுக்கோட்டைப் பக்கம்?”

“சித்தன்னவாசல். வதி, அக்கா அங்க என்ன பண்றாங்க? நிறுத்தச் சொல்லு.”

அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவள் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனாள். கெஞ்சலுக்கு நடுவிலும் அந்த வாயால் விடை சொல்லாமல் இருக்க முடியவில்லை. சதுரங்கம், லோத்தல், விண்கல் விழுந்த ஏரி. அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது.

“உரல்,” என்றாள் அருள்மொழி. “கையை வட்டமா சுத்திக் காட்டுறான் டாக்டர். மாவாட்டுற உரலுக்குள்ள வெச்சோம்னு சொல்றான்.”

டாக்டர் தலையசைத்தார். அருள்மொழி காதில் சொன்ன விடை அதுதான். பிறகு அவர் கேட்கச் சொன்னதை அக்கா கேட்டாள்: வெளியே வரணுமா? கை முஷ்டியாகி விலாவில் தட்டிவிட்டு, விரிந்து, அக்காவின் முந்தானையைப் பற்றிக்கொண்டது. பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த மருத்துவக் குழுவினர் இருவரும் வெளியே வந்து, ஒருவரையொருவர் பார்த்து, சரி என்றார்கள்.

சேதுவின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பரிதி பேசிக்கொண்டே இருந்தான். வாக்கியங்கள் சுருங்கின. பெயர்கள் வந்தன, ஆண்டுகள் வந்தன, பிறகு வெறும் எழுத்துகள். கடைசியாக வதனியின் பக்கம் தலையைத் திருப்பினான்.

“செருப்பு…” என்றான். “காலுல… கல்லு குத்துச்சு…”

அவ்வளவுதான். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கண்கள் மூடிக்கொண்டன.

வெறுங்காலோடு நடந்தவனுக்குக் கல் குத்தியிருக்கும். காருக்குள் அவள்தான் தன் புடவைத் தலைப்பால் அந்த ரத்தத்தைத் துடைத்தாள். அதை யாரும் எந்த வீட்டுக் கணக்கிலிருந்தும் எடுத்திருக்க முடியாது. வதனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சில நிமிடங்களில் பரிதி கண் திறந்தான். அந்தப் பார்வை வேறு. வெளிச்சத்துக்குக் கூசியது, சுற்றிச் சுற்றித் தேடியது. அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இடக்கை துள்ளி எழுந்தது. அருள்மொழி அதைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தேம்பினாள். கை அவள் கண்ணீரைத் துடைத்தது. நரைத்த தலைமுடியைத் தொட்டுப் பார்த்து வியந்தது.

வதனி எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். வெறுப்பில்லை, பயமில்லை. அக்காவின் தோளைத் தட்டி, வதனியைச் சுட்டிக்காட்டி, விரலை அசைத்தான். அந்தச் சைகையை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாரு?

அருள்மொழியின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் மேசைக்கடியில் அந்தக் கையிடம் எத்தனையோ கேட்டவளுக்கு, என்னைத் தெரிகிறதா என்று கேட்க ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

டாக்டர் அருகில் வந்தார். “பழைய ஞாபகம் ஆழமா, ரெண்டு பக்கமும் பதிஞ்சிருக்கும். நடுவயசுல வந்ததெல்லாம் இடப்பக்கத்தோடயே… அதைத் தாங்கிப் பிடிச்சுட்டு இருந்தது சேதுதான் போல. நான் இதை எதிர்பார்த்திருக்கணும்.” திரையைக் காட்டிச் சொன்னார். “இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் பழையபடி ஏத்திட முடியும். அதுக்கப்புறம் முடியாது. ஏத்தினா இவர் மறுபடி உள்ள போயிடுவார். நீங்க சொல்லுங்க.”

வதனி திரையைப் பார்த்தாள். ஆரஞ்சு ஒரு புள்ளியாக ஒடுங்கியிருந்தது. அவளோடு மழையில் நடந்தவன் அந்தப் புள்ளிக்குள் எங்கோ இருந்தான், குரல் இல்லாமல். எதிரில் இருந்தவன் வெளிச்சத்தை ரசித்துக்கொண்டிருந்தான். அவன் முஷ்டி மடங்கவில்லை. விலாவில் தட்டவில்லை.

யாருக்கு எதைச் செய்தாலும் இன்னொருவனை இருட்டில் தள்ளியாக வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் தள்ளாடுவதை அவன் பார்த்துவிட்டான். உடனே, வீட்டுக்கு வந்த புது மனிதர்களைக் கண்டால் அவன் அம்மா செய்வதுபோல, பக்கத்து நாற்காலியை இடக்கையால் இரண்டு முறை மெல்லத் தட்டினான். உட்காருங்க.

வதனி டாக்டரைப் பார்த்து, ஏற்ற வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பிறகு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.